நாத்தனார் பெயர் ஒட்டிய டப்பா

அனுப்புநர்:
காய்கறி நறுக்கும் தற்காலிகப் பணியாளர்,
வருகைப் பதிவேட்டில் ஏழாம் எண்,
மாணவியர் விடுதிச் சமையற்கூடம்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகரச் சுகாதார அலுவலகம், முதல் மாடி.

பொருள்: மேற்படி விடுதியின் தலைமைச் சமையற்காரரான என் நாத்தனாரின் குடலில் டைபாய்டு கிருமி இருப்பதாகத் தங்கள் அலுவலகம் கொடுத்த அறிக்கை அவருடையது அன்று என்பது, அந்த அறிக்கையை நம்பி மருத்துவமனையில் அவருக்குச் செலுத்தப்படும் மருந்தை உடனே நிறுத்தக் கோருவது, இத்தவற்றைச் செய்தவர்மீது, அதாவது என்மீது, நானே புகார் கொடுப்பது – தொடர்பாக.

பார்வை: 1. சமையற்கூடக் கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் அறிவிப்பு.
2. மருத்துவமனை, ஐந்தாம் வார்டு, பன்னிரண்டாம் கட்டில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு கொஞ்சம் நீளமானது. எனக்குச் சுருக்கமாகப் பேச வராது, எழுதவும் வராது. பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று தாங்கள் இதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டால் ஓர் உயிர் காத்திருக்க நேரிடும். ஆகையால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தொலைபேசியை எடுத்து ஐந்தாம் வார்டுக்குப் பேசுங்கள். பன்னிரண்டாம் கட்டிலில் இருப்பவருக்கு டைபாய்டு என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அவர் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்தது அவருடைய மலம் அன்று, என்னுடையது என்று சொல்லுங்கள். பேசி முடித்தபின் மீதியைப் படியுங்கள். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எங்கும் போகமாட்டேன்.

1. எங்கள் சமையற்கூடத்தில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறோம். நால்வர் நிரந்தரம், ஐவர் தற்காலிகம். இருநூற்றுப் பன்னிரண்டு மாணவிகளுக்கு மூன்று வேளையும் சமைக்கிறோம். தலைமைச் சமையற்காரர் என் கணவரின் அக்கா. பதினெட்டு ஆண்டுகளாக அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாணவிகள் அவருக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபம் வந்தால் முதலில் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், அதன் பிறகுதான் பேச்சு வரும். மூன்றாவது 'உஸ்'ஸுக்குள் சொன்ன வேலை முடிந்திருக்க வேண்டும். இந்தப் பெயர் அவருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துகொள்வார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை மாதம் ஒருமுறை நினைவுபடுத்தவும் அவர் தவறுவதில்லை.

2. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருக்கிறோம். ஆனாலும் அண்மைக்காலம்வரை பதினான்கு மாதங்கள் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது. உறவினர் எல்லாரும் கூடியிருந்த ஓரிடத்தில், "கல்யாணத்துக்கு அப்புறம் என் தம்பி பாதியா இளைச்சுட்டான், ஆக்கிப்போடுற கை அப்படி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். என் கணவர் இளைத்தது சர்க்கரை வியாதியால். அதற்கு டாக்டர் சீட்டே இருக்கிறது. சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "சர்க்கரை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அன்றோடு சரி. சமையற்கூடத்தில் எங்களுக்கு நடுவே உருளைக்கிழங்கு உரிக்கும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருப்பார். "வெங்காயத்த இன்னும் பொடிசா நறுக்கச் சொல்லு" என்பார் நாத்தனார். "கத்தி மழுங்கிப்போச்சுன்னு சொல்லுங்க" என்பேன் நான். இரண்டடி தூரத்தில் இருக்கும் எங்களுக்காக அந்த அக்கா இப்படியும் அப்படியும் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுகாதார அலுவலருக்கு எழுதும் மனுவில் குடும்பச் சண்டை எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். இது தெரியாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை நடந்தது தங்களுக்குப் புரியாது.

3. எங்கள் சமையற்கூடத்தில் ஒரு விதி உண்டு. வயிற்றுப்போக்கு என்று சொல்பவர் ஏழு நாள் உள்ளே வரக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் தற்காலிகப் பணியாளர் ஏழு நாள் வராவிட்டால் எட்டாம் நாள் அவர் இடத்தில் வேறொருவர் கத்தியோடு நிற்பார். ஆகவே எங்களில் யாருக்கும் வயிற்றுப்போக்கு வருவதே கிடையாது. நான்கு ஆண்டுகளில் ஒருவருக்குக்கூட ஒருநாள்கூட வரவில்லை என்று மேற்பார்வையாளரின் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். வேண்டுமானால் வரவழைத்துப் பாருங்கள்.

4. வயிற்றுப்போக்குக்குப் பதிலாக எங்களிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. படிப்பு முடிந்து போகும் மாணவிகள் தின்று மிச்சம் வைத்த மாத்திரைகள், விடுதிக் காப்பாளர் அம்மாவின் பல்வலி மாத்திரைகள், எங்கள் வீடுகளில் மீந்தவை எல்லாம் அதில் சேரும். எல்லாம் நல்ல விலைகொடுத்து வாங்கியவை, தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? வெள்ளை நீள மாத்திரை வயிற்றுக்கு, சிவப்பும் கறுப்புமான கேப்சூல் தொண்டைக்கு, சின்ன மஞ்சள் மாத்திரை எல்லாவற்றுக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நின்றுவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டியது. மீதியைத் திரும்ப டின்னில் போட்டுவிட வேண்டும், அடுத்தவருக்கு ஆகும். அந்த டின்னைப் பாதுகாத்தவள் நான். என்னை 'டின் டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். ஐயா, எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைக்கமாட்டேன்.

5. ஐந்து மாதங்களுக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் விடவில்லை. தனியார் டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார். பதினான்கு நாளைக்கு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்து, "ஒரு நாளும் விடக்கூடாது, முழுசா முடிக்கணும்" என்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆறாம் நாள் நல்ல பசி. நல்லாகிவிட்ட உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று மீதி ஒன்பது நாள் மாத்திரையை அப்படியே கொண்டுபோய் டின்னில் போட்டேன். சமையற்கூடத்தில் வெறும் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன், விடுதிக்கு அப்போது விடுமுறை என்பதால் என் இடமும் போகவில்லை. அடுத்த வாரமே வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

6. விடுதியில் மூன்று மாணவிகளுக்கு ஒருவர்பின் ஒருவராக டைபாய்டு வந்ததும், சமையற்கூடத்தார் அனைவரையும் சோதிக்கத் தங்கள் அலுவலகம் உத்தரவிட்டதும் தாங்கள் அறிந்ததே. நிரந்தரப் பணியாளர் நால்வருக்குத் திங்கட்கிழமை, எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஏற்பாடு. திங்களன்று காலை ஒன்பதேகால் மணிக்குத் தங்கள் ஆய்வாளர் ஒரு குளிர்பெட்டியோடு வந்தார். பெயர் எழுதிய துண்டுத்தாள் முன்பே ஒட்டப்பட்ட நான்கு டப்பாக்களை, பாத்திரம் கழுவும் தொட்டியருகே, மேற்பார்வையாளர் முன்னிலையில் கொடுத்தார். மேற்பார்வையாளர் ஆண். எங்களுக்கு இருப்பது ஒரே கழிவறை. அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளிருப்பவர் ஒரு காலால் கதவை உதைத்துக்கொண்டு உட்கார வேண்டும். "இருபது நிமிஷத்துல முடிச்சுக் குடுங்கம்மா, வண்டி காத்துக்கிட்டிருக்கு" என்றார் ஆய்வாளர். அவர்மீது எனக்குக் குறையில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வெளியே இரண்டு ஆண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு காலால் கதவை உதைத்துக்கொண்டு, தங்களுக்கு வருமா?

7. என் நாத்தனாருக்கு வரவில்லை. இருமுறை உள்ளே போய் இருமுறையும் வெறும் டப்பாவோடு வெளியே வந்தார். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. பிறகு பின்கட்டில் நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார். 'உஸ்' என்றார். உருளைக்கிழங்கு அக்கா வழக்கம்போல் கழுத்தைத் திருப்பினார். நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏய், எனக்கு வரமாட்டேங்குது. நீ போய்ட்டு வந்து இதுல குடு. வெளிய தெரிஞ்சா மானம் போய்டும்" என்றார்.

8. பதினான்கு மாதங்களில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இது. தாங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் இப்படியொரு காரியத்தை வீட்டு மனுஷி என்று என்னிடம் வந்து கேட்டாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு டப்பாவோடு ஓடினேன். அது என்ன சோதனை, எதற்கு எடுக்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கையாலேயே எனக்கு டீ ஊற்றி வைத்திருந்தார்.

9. டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கும்போது ஆய்வாளர் பொதுவாகச் சொன்னார்: "காய்ச்சல் போயிடுச்சுன்னா கிருமியும் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. மாத்திரையப் பாதில விட்டா சில பேருக்கு அது பித்தப்பைல, குடல்ல போய் உக்காந்துக்கும். ஆளு நல்லாத்தான் இருப்பாங்க. அவங்க கைபட்டதச் சாப்பிடுறவங்க படுத்துடுவாங்க." டீ டம்ளர் என் கையிலேயே ஆறிப்போயிற்று. அந்த நொடியே, "ஐயா, அந்த டப்பாவக் குடுங்க" என்று கேட்டிருந்தால் இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது. கேட்கவில்லை. வண்டி போய்விட்டது.

10. அதன் பிறகு செய்தது இன்னும் மோசம். மறுநாள் என் முறை. டின்னைத் திறந்து, நானே போட்டுவைத்த என் வெள்ளை மாத்திரையில் மதியம் இரண்டு, மாலையில் இரண்டு, மறுநாள் காலையில் இரண்டு விழுங்கினேன். விருந்தாளி வரும்முன் வீட்டைப் பெருக்குவதுபோல்தான் நினைத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை என் பெயர் ஒட்டிய டப்பாவில் என்னுடையதையே கொடுத்தேன். அதில் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று தங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. எப்படி வளரும் ஐயா, ஆறு மாத்திரை முன்கூட்டியே உள்ளே போயிருந்ததே.

11. ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை, தலைமைச் சமையற்காரருக்கு டைபாய்டு கிருமி. கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவர் சாவி போட்டுத் திறந்த கதவு அது. மாணவிகள் வரிசையாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். 'குக்கர்' என்று பெயர் வைத்தவர்களே இப்போது வேறொரு பெயர் வைத்தார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அவர் கையிலிருந்து எது போனாலும் கொதித்துத்தான் போகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அடுப்பில் ஏறாமல் தட்டுக்குப் போவது ஒன்றே ஒன்றுதான், வெள்ளரியும் கேரட்டும் வைத்த பச்சைக்காய்த் தட்டு. அது என் வேலை. காய்ச்சலில் படுத்த மூவரும் உடம்பு இளைக்க வேண்டும் என்று இராத்திரிச் சாப்பாட்டை விட்டு அந்தத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். அவர்களுக்கு நானே இரண்டு துண்டு கூடுதலாக வைப்பேன். கை கழுவச் சோப்பு வைத்த அலமாரியின் சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும், அவர் வரும்வரை வெறும் தண்ணீர்தான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அதற்காக நான் எந்தெந்தச் சாமியிடம் அழுதேன் என்று எனக்குத்தான் தெரியும்.

12. அறிவிப்பைப் படித்த என் நாத்தனார் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். 'உஸ்' வரவில்லை. மாலையில் மாடிக்குப் போய், "அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "சும்மா இருடி. நான் நிரந்தரம். நாலு வாரம் மாத்திரை முழுங்கிட்டு, நல்லாயிட்டேன்னு காட்டிட்டுப் போய் என் கரண்டியப் புடிப்பேன். உன்னைன்னா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிடுவாங்க. அப்புறம் என் தம்பி இன்னும் இளைச்சுப் போவான்" என்றார். கடைசியில் சொன்னது வேடிக்கைக்கா, நிசமாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "வெள்ளரிக்காயத் தொடாத. உருளைக்கிழங்குப் பக்கம் மாறிக்கோ, அது வெந்துதான் போகுது. நீயும் மாத்திரை வாங்கித் தின்னு, இந்தத் தடவையாவது முழுசா தின்னு" என்றார்.

13. நான் ஒத்துக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. அவர் சொன்னதில் எனக்குத் தோதானது எல்லாம் இருந்தது, ஆகவே ஒத்துக்கொண்டேன். மறுநாளே உருளைக்கிழங்குப் பக்கம் மாறினேன். கடையில் மாத்திரை வாங்கினேன். பத்து நாள் தின்றேன், வயிறு எரிந்தது, விட்டுவிட்டேன். மறுபடியும் விட்டுவிட்டேன் ஐயா. என்னைப் போன்றவளைத் திருத்துவது எளிதன்று.

14. என் நாத்தனார் ஒருவேளைகூட விடவில்லை. மாத்திரைச் சீட்டை நாட்காட்டியில் குத்திவைத்துத் தேதிவாரியாகக் கிழித்து விழுங்கினார். மூன்றாம் வாரம் அவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பிறகு எட்டு, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார், கூடவே காய்ச்சலும் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தங்கள் அறிக்கையைப் பார்த்த பெரிய டாக்டர், டைபாய்டு கிருமி மாத்திரைக்கு அடங்கவில்லை என்று முடிவுசெய்து இன்னும் பலமான மருந்தை ஊசியாக ஏற்றத் தொடங்கினார். ரத்தத்தில் கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மருந்து உள்ளே போயிருப்பதால் தெரியாது என்றார்கள். என் டப்பாவில் தெரியாமல் போனதும் அப்படித்தான். ஆனால் எனக்குக் கிருமி இருந்து தெரியவில்லை, அவருக்கு இல்லாமல் தெரியவில்லை. இந்த வித்தியாசம் அந்த வார்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

15. ஊசி ஏற ஏற அவர் மோசமானார். பெரிய அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கும் மனுஷி, இப்போது தண்ணீர் டம்ளரைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருக்கிறது. நேற்று முன்தினம் பயிற்சி மருத்துவப் பெண் ஒருவரிடம் அழுதுவிட்டேன். சின்ன வயதுதான், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "குடல்ல நல்ல கிருமிங்களும் கோடிக்கணக்கா இருக்கும்மா. அதுங்க இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கிறதாலதான் கெட்டது தலதூக்காம இருக்கும். ஆன்டிபயாடிக் போனா நல்லது கெட்டது பார்க்காது. எல்லாத்தையும் காலி பண்ணிடும். சில பேருக்கு அந்தக் காலி இடத்துல வேற ஒரு பொல்லாத கிருமி பெருகி, குடலையே புண்ணாக்கிடும். இவங்களப் பார்த்தா எனக்கு அந்தச் சந்தேகம்தான். அதுக்குத் தனிச் சோதனை இருக்கு, தனி மருந்தும் இருக்கு. ஆனா முதல்ல இப்ப குடுக்கிறத நிறுத்தணும். டைபாய்டுன்னு ரிப்போர்ட் இருக்கும்போது நிறுத்துங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

16. எனக்குத் தலையில் கல் விழுந்தாற்போல் இருந்தது. அவர் என் வேலைக்காகத் தன் வேலையை விட்டுக்கொடுத்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பெரிய மனசு, என்றைக்காவது கடனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். என் நோய்க்கான மருந்து அவர் நல்ல குடலை அழித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. உடனே பெரிய டாக்டரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்து, "இவங்க சொல்றது உண்மையாம்மா?" என்று கேட்டார். என் நாத்தனார் கண்ணைத் திறந்தார். "இவ என் தம்பி பொண்டாட்டி. பயத்துல உளறுறா. நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரை வேணும்னாலும் கேளுங்க. இவகிட்டப் போய் நான் டப்பாவக் குடுப்பேனா?" என்றார்.

17. டாக்டர் நம்பிவிட்டார். நம்பும்படியாகத்தான் சொன்னார். எங்கள் பதினான்கு மாதச் சண்டை கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. அவர் போனபின், "உளறாதடி, இன்னும் ரெண்டு ஊசிதான், சரியாயிடும்" என்றார். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லிப் பார்த்தேன், குற்ற உணர்வில் நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்து அவர் காதை மூடிக்கொண்டார். மறுபடி டாக்டரிடம் போனேன். "ரிப்போர்ட் தப்புன்னா அதக் குடுத்த ஆபீஸ் எழுத்துல சொல்லணும். நீங்க சொல்றத வெச்சு நான் மருந்த நிறுத்தி, நாளைக்கு இவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் ஒரு மனுஷி கரைந்துகொண்டிருக்கிறார்.

18. என் கணவரிடம் இன்று காலைதான் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "எழுது" என்று சொல்லித் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு அக்காவிடமும் போனேன். டப்பா கைமாறியதைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவரே. அவரும் தற்காலிகம்தான். "நடுவுல உக்காந்து உங்க ரெண்டு பேர் பேச்சையும் சுமந்தேன், இத மட்டும் சுமக்காம விடுவேனா" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இணைத்துள்ளேன். அவருக்கு இதனால் எந்தக் கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ளுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

19. எனவே ஐயா, என் கோரிக்கைகள் இவை. தலைமைச் சமையற்காரரின் அறிக்கை அவருடையது அன்று என்று இன்றைக்கே, இப்போதே, மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பயிற்சி மருத்துவப் பெண் சொன்ன சோதனையை எடுக்கும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் தேறி வந்தபின், கதவில் ஒட்டிய அறிவிப்பைத் தங்கள் அலுவலகத்தாரே வந்து, மாணவிகள் பார்க்கும் நேரத்தில் கிழிக்க வேண்டும். ஒட்டியதை எல்லாரும் பார்த்தார்கள், கிழிப்பதையும் பார்க்கட்டும். என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் சோதியுங்கள். கடைசி மாத்திரை தின்று பதினாறு நாள் ஆகிறது, இப்போது என் வயிற்றில் இருப்பது இருந்தபடியே தெரியும். இன்று முதல் சமையற்கூடத்துக்குள் கால் வைக்கமாட்டேன். தாங்கள் தரும் மருந்தைத் தங்கள் ஆள் முன்னால் நின்று, கடைசி மாத்திரைவரை விழுங்குவேன். வேலை போவது போகட்டும், வேறு தண்டனை இருந்தாலும் கொடுங்கள்.

20. கேட்க எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் இன்னொன்றும் கேட்கிறேன். வயிற்றுப்போக்கு என்று சொல்பவர் ஏழு நாள் கழித்து வந்தாலும் அவர் இடம் அவருக்கே இருக்கும் என்று விடுதிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் எங்களுக்கு டின்னே தேவைப்பட்டிருக்காது. சோப்பு அலமாரியின் பூட்டை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை டப்பாவை முதல்நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிட்டால் பெரிய உபகாரம்.

21. ஒருவேளை இந்த மனுவைக் கொண்டு அவரிடம் மறுபடி கேட்கக்கூடும். அவர் மறுபடியும் மறுப்பார். அவரை நம்பாதீர்கள். பதினெட்டு ஆண்டுகளில் உப்பு கூடிப்போனதைக்கூட ஒத்துக்கொண்டவர், பொய் சொல்லித் தெரியாதவர், எனக்காக மட்டும் இரண்டு பொய் சொல்லியிருக்கிறார். இனிமேல் அவர் சொல்ல வேண்டாம். அவர் என்னிடம் பேச ஆரம்பித்தே ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது ஐயா. நான் கேட்கவேண்டிய திட்டு இன்னும் நிறைய இருக்கிறது. அதற்கு அவர் எழுந்து உட்கார வேண்டும்.

தாங்கள் கூப்பிடும்வரை பெஞ்சிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
வருகைப் பதிவேட்டில் ஏழாம் எண்,
இதுவரை 'டின் டாக்டர்' என்று அழைக்கப்பட்டவர்.

இடம்: தங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள பெஞ்சு.
நாள்: என் நாத்தனார் வார்டில் சேர்ந்த ஏழாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

இணைப்புகள்:
1. ஐந்து மாதங்களுக்கு முன் எனக்கு டைபாய்டு என்று டாக்டர் எழுதிய சீட்டு. பதினான்கு நாள் என்பதற்குக் கீழே அவரே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.
2. உருளைக்கிழங்கு உரிக்கும் பணியாளரின் கையெழுத்திட்ட சாட்சியம்.
3. பிஸ்கட் டின், உள்ளிருக்கும் மாத்திரைகளோடு. திரும்பத் தர வேண்டாம்.
4. மூடிய டப்பா ஒன்று. உள்ளே இருப்பது இன்று காலை எடுத்தது, என்னுடையது. மேலே என் பெயரை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.